பத்து நிமிட மருந்து

அத்தியாயம் 7

லோகப்பிரியா எழுதிய அறிக்கை மொத்தம் பதினொரு பக்கம். ஒன்பதாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'சிரிஞ்சு மாறியிருக்கலாம் என்பதைக் கனிஷ்கா மறுக்கவில்லை.'

திங்கட்கிழமை அந்த வரியை எழுதி முடித்தபோது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, பீளமேட்டில் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து அதையே மறுபடி படித்தபோது அந்தத் திருப்தி இல்லை.

"ரவிக்குமார், வண்டியை எடுங்க."

"எங்கீங்க அம்மணி?"

"சூலூர். அங்கப்பன் தோட்டத்துக்கு."

"அந்தக் கேஸை முடிச்சு திங்கக்கெழமையே ஜிலேபி சாப்பிட்டாச்சுங்களே?"

"சாப்பிட்டது செரிக்கலை."

ரவிக்குமாருக்கு நாற்பத்தாறு வயது. சூலூர் வழித்தடத்தில் தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். லோகப்பிரியாவின் துப்பறியும் நிறுவனம் பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கும் நிறுவனம்தான். அதற்கு ரவிக்குமாரை விடப் பொருத்தமான உதவியாளர் கிடைக்கமாட்டார். ஒரு முகத்தைப் பார்த்தால் அது எந்த ஸ்டாப்பில் ஏறும், எந்த ஸ்டாப்பில் டிக்கெட் எடுக்காமல் இறங்கப் பார்க்கும் என்று சொல்லிவிடுவார். வாயை மட்டும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வரத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். போன வாரம் புதன்கிழமை காலை, அங்கப்பன் என்ற ஐம்பத்தெட்டு வயது விவசாயி தோள்மூட்டு நழுவி, பீளமேட்டில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். மொபெட்டிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். மண்வெட்டி பிடித்து இறுகிய தோள். மயக்கம் கொடுத்துத் தசையைத் தளர்த்தினால்தான் மூட்டு உள்ளே போகும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேறு வந்திருந்தார். அதனால் மயக்கவியல் டாக்டர் ஷைமா, ஸ்கோலின் என்ற மருந்தைப் போடச் சொன்னார். ஒரு நிமிடத்தில் உடம்பைத் துவள வைக்கும். பத்து நிமிடத்தில் தானே விலகிவிடும். அதைச் சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தது டெக்னீஷியன் கனிஷ்கா. வயது இருபத்திரண்டு. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்.

மூட்டு இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. அங்கப்பன் தானாக மூச்சு விட ஐந்து மணி நேரம் ஆனது. அதுவரை மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது.

குப்பைத் தட்டில் வெக்யூரோனியம் என்ற இன்னொரு தசைத் தளர்த்தியின் காலிக் குப்பி கிடந்தது. அது சீக்கிரம் விலகாத மருந்து. அளவு கூடினால் இன்னும் இழுக்கும். கனிஷ்கா சிரிஞ்சை மாற்றிவிட்டாள் என்று மருத்துவமனை முடிவு கட்டியது. அதை உறுதி செய்ய லோகப்பிரியாவைக் கூப்பிட்டது. லோகப்பிரியா உறுதி செய்தாள். கனிஷ்காவுக்கு வேலை போனது. இன்று மாலை நான்கு மணிக்கு நிர்வாகக் குழு கூடி, லோகப்பிரியாவின் அறிக்கையோடு போலீஸில் புகார் கொடுக்கப்போகிறது.

கனிஷ்காவை அவள் விசாரித்தது நாற்பது நிமிடம். "மாத்தலைன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?" என்று ஒரே கேள்வியை ஆறு விதமாகக் கேட்டிருந்தாள். ஐந்து தடவை "மாத்தலைங்க மேடம்" என்ற பெண், ஆறாவது தடவை தரையைப் பார்த்து "தெரியலைங்க மேடம்" என்றாள். லோகப்பிரியா ஆறாவது பதிலை மட்டும் எழுதிக்கொண்டாள்.

கார் சிங்காநல்லூரைத் தாண்டியது. முன்னால் சூலூர் பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போனது.

"இப்ப எதுங்க புதுசாக் கெடைச்சுது?" என்றார் ரவிக்குமார்.

"புதுசு ஒண்ணுமில்லை. நானே அறிக்கையோட பின்னால வெச்ச காகிதம். படிக்காம வெச்சிருக்கேன்." லோகப்பிரியா கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்து வாசித்தாள். "வியாழக்கிழமை காலைல நர்ஸ் எழுதினது. நோயாளி உடம்பு முழுக்க வலி என்கிறார். கழுத்து, விலா, தொடை. தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்."

"மூட்டு நழுவுனா நோகத்தானுங்க செய்யும்."

"தோள் நோகும். தொடை எதுக்கு நோகணும்?"

ரவிக்குமார் தன் தொடையைத் தானே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"காலைல டாக்டர் ஷைமாகிட்டப் பேசினேன். ரெண்டு மருந்தும் தசையைத் தளர்த்தற மருந்துதான். வேலை செய்யற விதம் வேற. நரம்புலேர்ந்து ஒரு ரசாயனம் கிளம்பி வந்து, தசை மேல இருக்கற இடத்துல உக்காரும். அது உக்காந்தா தசை அசையும்."

"பயணி வந்து சீட்டுல உக்கார்றாரு. சரிங்க."

"வெக்யூரோனியம் போய் அந்த இடத்தை அடைச்சுக்கும். தானும் ஒண்ணும் பண்ணாது, மத்தவங்களையும் உக்கார விடாது."

"ஜன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் புடிக்கறதுங்க அது. எத்தனை துண்டு பார்த்திருக்கேன். துண்டு வந்து உக்காந்திருக்கும், ஆளு டீக்கடையில இருப்பான்."

"ஸ்கோலின் துண்டு போடாது. அதுவே ஏறி உக்காரும். உக்கார்ற வேகத்துல இமை, கன்னம், நெஞ்சு, தொடைன்னு உடம்புல இருக்கற தசையெல்லாம் ஒரு தடவை துடிச்சு அடங்கும். அப்புறம் எந்திரிக்காது. அதனால தசை துவண்டுபோகும். அந்தத் துடிப்புனாலதான் அடுத்த நாள் உடம்பெல்லாம் வலி."

"துண்டு போட்டா வலிக்காதுங்களா?"

"வலிக்காது."

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றது. ரவிக்குமாரும் பழக்க தோஷத்தில் பின்னாலேயே நிறுத்தினார்.

"அப்ப அந்தப் புள்ள ஏத்துனது ஸ்கோலின்தான். சரியான மருந்துதான்" என்றார் மெதுவாக. "காலிக் குப்பி?"

"தேவைப்பட்டா இருக்கட்டும்னு அதையும் கரைச்சு வெச்சிருக்கா. தேவைப்படலை, கொட்டிட்டா. இதை அவ எங்கிட்டச் சொன்னா. சாக்குன்னு நினைச்சேன்."

பஸ் கிளம்பியது; ரவிக்குமாரும் அதன் பின்னாலேயே வண்டியை நகர்த்தினார். அவர் ஏதாவது கிண்டல் செய்திருந்தால் லோகப்பிரியாவுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"இன்னொண்ணும் இருக்கு. ஒரு மணி நேரம் ஆகியும் எந்திரிக்கலைன்னதும், ஒருவேளை வெக்யூரோனியமோன்னு நினைச்சு ஷைமா மாற்று ஊசி போட்டிருக்காங்க."

"துண்டைத் தூக்கி எறியற ஊசி."

"ஆமா. துண்டா இருந்திருந்தா அவரு எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கலை. இன்னும் நேரம்தான் ஆச்சு. ஸ்கோலினை எறக்கிவிடறது ரத்தத்துல இருக்கற ஒரு நொதி."

"கண்டக்டர்!"

"கண்டக்டர்தான். அந்த மாற்று ஊசி வேலை செய்யறதே கண்டக்டரைத் தூங்க வெச்சுத்தான். அவரு தூங்கினாத்தான் நிஜப் பயணிங்க கூட்டமா ஏறித் துண்டைத் தள்ளுவாங்க. இங்க துண்டே இல்லை. கண்டக்டரும் ஏற்கெனவே பாதித் தூக்கத்துல இருந்திருக்காரு."

"சம்பவத்தன்னைக்குக் கண்டக்டர் லீவு. இருந்த அரை ஆளையும் டாக்டரம்மா படுக்க வெச்சுட்டாங்க." ரவிக்குமார் கியரை மாற்றினார். "எங்க முதலாளியே லீவு தரமாட்டாரு. இந்தக் கண்டக்டருக்கு யாருங்க லீவு குடுத்தது?"

"சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. ஆனா அங்கப்பனுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி குடலிறக்க ஆபரேஷனுக்கு இதே மருந்து போட்டிருக்காங்க. பத்து நிமிஷத்துல மருந்து விலகிடுச்சு. மிச்சம் ஒரே காரணம்தான். பூச்சிமருந்து. முகமூடி இல்லாம தெளிச்சா அந்த நொதி படுத்துடும். அதனாலதான் நம்ம பக்கத்துல விவசாயி யாரு வந்தாலும் ஷைமா முதல்ல அதைத்தான் கேக்கறாங்க. இவருகிட்டயும் கேட்டிருக்காங்க. படிவத்துல 'இல்லை. இயற்கை விவசாயம்'னு இருக்கு."

ரவிக்குமார் தலையைச் சொறிந்தார். "அது நெசந்தானுங்க. எங்கூட்டுக்காரி வாரா வாரம் அவருகிட்டத்தான் கத்திரிக்காய் வாங்கறா. பொட்டிக்கு ரெண்டு சொத்தைக் காயி சேர்த்தே வெப்பாரு. பூச்சி கடிச்சிருக்குது பாருங்க, மருந்தடிச்சா கடிக்குமான்னு கேப்பாரு."

"வெட்டிப் பார்த்தா பூச்சி இருக்குமா?"

"ஓட்டை இருக்கும். பூச்சி மட்டும் எப்பப் பார்த்தாலும் வெளியூரு போயிருக்கும்."

லோகப்பிரியா அவர் பக்கம் திரும்பினாள். "எப்பப் பார்த்தாலுமா?"

ரவிக்குமாரின் கால் பிரேக்கைத் தேடியது.

* * *

அங்கப்பனின் தோட்டம் சூலூரிலிருந்து நான்கு கிலோமீட்டர். விசைத்தறிச் சத்தம் பின்னால் தேய்ந்து, தென்னைமரங்கள் தொடங்கும் இடம். தகரக் கூரை போட்ட கொட்டகையில் அங்கப்பனின் மனைவி பழனியாத்தாள் அட்டைப்பெட்டிகளில் கத்திரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் பச்சை இலை போட்ட ஸ்டிக்கர். மொபெட் ஓரமாக நின்றது.

"வாங்க கண்ணு. ஆஸ்பத்திரி விசயமா வந்தீங்களாட்ட இருக்குது? அவரு கிணத்து மோட்டாருகிட்ட நிக்கறாரு, இப்ப வந்துருவாரு. மோரு குடிக்கறீங்களா?"

"வேண்டாங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு மறுபடி ஒருதடவை கேட்டுட்டுப் போகலாம்னு."

"அதையேன் கேக்கறீங்க. வண்டியிலிருந்து உளுந்துபோட்டு வலியில துடிக்கறாரு. சட்டையைக் கத்திரியில வெட்டி எடுத்து, தண்ணி வாத்து, வேட்டி மாத்திக் கூட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு."

"தோள் நழுவினவரைக் குளிப்பாட்டினீங்களா?"

பழனியாத்தாளின் கை ஒரு கத்திரிக்காயின் மேல் நின்றது. "சேறுங்க கண்ணு."

"ரோட்டுல உளுந்தவருக்குச் சேறா?" என்றார் ரவிக்குமார். மொபெட்டைச் சுற்றி வந்தார். "வண்டி பாருங்க, கல்யாணப் பொண்ணாட்ட இருக்குது. ஒரு கீறல் இல்லை. ஆளு உளுந்துட்டாரு, வண்டி மருவாதியா நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சாட்ட இருக்குது."

லோகப்பிரியா பெட்டிகளைப் பார்த்தாள். அடுக்கி முடித்த பெட்டிகளில் மேலாக இரண்டிரண்டு ஓட்டைக் காய்கள். பக்கத்தில் கூடையில் அப்போதுதான் பறித்த காய்கள், நூறு இருக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஊதா நிறம் கண்ணாடிபோல் மின்னியது. ஒன்றில்கூட ஓட்டை இல்லை. செடியில் இல்லாத பூச்சி பெட்டிக்குள் எப்படி வந்தது?

பலகை மேல் ஒரு கோணி ஊசி கிடந்தது. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். எங்கும் அட்டைப்பெட்டிதான். தைப்பதற்கு ஒரு சாக்கும் இல்லை. ஊசி நுனியில் பழுப்பாகக் கறை காய்ந்திருந்தது.

ரவிக்குமார் ஒரு ஓட்டைக் காயை எடுத்து இரண்டாகப் பிளந்தார். ஓட்டை நேராகப் போய், நடுவில் சுத்தமாக முடிந்தது. புழு இல்லை, எச்சம் இல்லை.

"எங்கூட்டுக்காரி இதை நம்பிப் பேரனுக்கு வெச்சுக் குடுக்கறாளுங்க" என்றார். அதில் கிண்டல் குறைவாக இருந்தது.

"அக்கட்டால வெய்யிங்க அதை."

குரல் வாசலிலிருந்து வந்தது. அங்கப்பன் நின்றிருந்தார். நெடிய உருவம். இடது கை கழுத்தில் மாட்டிய துணியில் தொங்கியது. முகத்தில் கோபம் இல்லை. லோகப்பிரியாவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

"உக்காருங்க அம்மணி" என்றார். "எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கேளுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீங்க மொபெட்டிலிருந்து விழலை. மருந்து டேங்க்கை முதுகுல மாட்டிக்கிட்டு வரப்புல வழுக்கி விழுந்திருக்கீங்க. வாசம் தெரியக்கூடாதுன்னு குளிச்சுட்டு வந்திருக்கீங்க. சரிங்களா?"

அங்கப்பன் ஒரு பெட்டியின் மூடியை மூடினார். "எங்க காயைப் பத்தி விசாரிக்க உங்களை யாரு அனுப்பிச்சது?"

"காயைப் பத்தி விசாரிக்க வரலைங்க. கனிஷ்காவைப் பத்தி விசாரிக்க வந்தேன். அவ தப்பான மருந்தை ஏத்தினதா எழுதிக் குடுத்தது நான்தான். அவளுக்கு வேலை போச்சு. இன்னைக்கு நாலு மணிக்குப் போலீஸுக்குப் போறாங்க. இப்ப அவளையே கேட்டாலும், என்ன ஏத்தினேன்னு தெரியலைங்கறா."

"தெரியலைன்னா சொல்லுச்சு?" அங்கப்பன் நிமிர்ந்தார். "அதெப்படி? பிரிட்ஜிலிருந்து எடுத்தது, சிரிஞ்சு கையில சில்லுன்னு இருந்துச்சுன்னு அத்தனை உறுதியாச் சொல்லுச்சே..."

வாக்கியம் பாதியில் நின்றது.

ஸ்கோலின் பிரிட்ஜில் வைக்கிற மருந்து. வெக்யூரோனியம் தூள், அலமாரியில் இருப்பது, சில்லென்று இருக்காது. இதை அவளிடம் கனிஷ்கா சொல்லவில்லை, ஷைமாவும் சொல்லவில்லை. அறிக்கையில் இது இல்லை. எந்தக் காகிதத்திலும் இல்லை.

"எப்பங்க சொன்னா?" என்று கேட்டாள்.

அங்கப்பன் கழுத்துத் துணியைச் சரிசெய்தார்.

"யாருகிட்டச் சொன்னா? நீங்க அப்ப மயக்கத்துலதானே இருந்தீங்க?"

அங்கப்பன் மெதுவாகப் பலகையில் உட்கார்ந்தார். நல்ல கையால் கெட்ட கையைத் தாங்கிக்கொண்டார்.

"மயக்கம் தெளிஞ்சுபோச்சுங்க" என்றார். "ஒடம்பு தெளியலை. காது மட்டும் முழிச்சுக்கிச்சு. கண்ணைத் தொறக்கலாம்னா இமை எம்பேச்சைக் கேக்கலை. மெஷினு மூச்சை இழுக்குது. நான் இழுக்கோணும்னு தவிக்கறப்ப அது இழுக்கறதில்லை. அது இழுக்கறப்ப எனக்கு வேண்டாம்னு இருக்குது. எத்தனை நேரம்னு தெரியலைங்க. இருபது நிமிசம் இருக்கும்னு பின்னால கணக்குப் போட்டேன்."

பழனியாத்தாள் கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். "ஏனுங்க, எங்கிட்ட இதைச் சொல்லவே இல்லீங்களே?"

"சொன்னா மிச்சத்தையும் சொல்லோணும்." அவர் மனைவியைப் பார்க்கவில்லை. "டாக்டரம்மா கேட்டாங்க, என்ன மருந்து ஏத்துன கனிஷ்கான்னு. அந்தப் புள்ள டக்குன்னு சொல்லுச்சு, ஸ்கோலின்தான் மேடம், நானே பிரிட்ஜிலிருந்து எடுத்தேன், சிரிஞ்சு இன்னும் சில்லுன்னு இருந்துச்சுன்னு. அப்பறம் டாக்டரம்மா, பூச்சிமருந்து அடிக்கறவங்களுக்குத்தான் இப்படி ஆகும், இவரு இயற்கை விவசாயியாச்சேன்னாங்க. நான் உள்ளுக்குள்ள கத்தறேன். அடிச்சேன், காலையிலதான் ரெண்டு டேங்க் அடிச்சேன்னு. ஒரு வெரலு அசையலை. கண்ணுல தண்ணி மட்டும் வந்துச்சாட்ட இருக்குது. அதை அந்தப் புள்ளதான் பார்த்துச்சு. மேடம், ஐயா முழிச்சிருக்காரு, தூங்க வையுங்கன்னு கத்துச்சு. உடனே ஊசி போட்டுத் தூங்க வெச்சாங்க. அது பார்க்கலைன்னா அஞ்சு மணி நேரமும் அப்படியே கெடந்திருப்பேன்."

"அப்புறம் ஏங்க சொல்லலை?" லோகப்பிரியாவின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"அப்ப வாய் வரலை, சொல்ல முடியலை. மக்யாநாளு வாய் வந்துச்சு. சொல்லலை." அவர் பெட்டிகளைப் பார்த்தார். "நூத்தம்பது ஊட்டுக்குப் போகுதுங்க இது. சின்னக் கொழந்தைகளுக்குன்னு வாங்கறாங்க. முதல்ல மூணு வருசம் நெசமாலுமே அடிக்கலை. ஒரு வருசம் புழு மொத்தக் காட்டையும் தின்னுச்சு. ஒரு தடவைன்னுதான் அடிச்சேன்."

பழனியாத்தாள் எழுந்து நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க மருந்தடிக்கறது எனக்குத் தெரியுமுங்க. ஊசியில குத்தறதே நாந்தான். அது ஏவாரத்துக்குன்னு இருந்துபோட்டேன். ஆனா அந்தப் புள்ள மேல தப்பில்லைன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

அங்கப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பறம் செவ்வாக்கெழம அதோட அம்மா வந்தப்ப எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

லோகப்பிரியா திகைத்தாள். "கனிஷ்காவோட அம்மா இங்க வந்தாங்களா?"

"வந்துச்சுங்க கண்ணு. பழத்தட்டோட. மில்லுக்கு லீவு போட்டுட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி. சேரு போட்டு உக்காருன்னேன், உக்காரவே மாட்டீனுருச்சு. எம்புள்ள தெரியாம செஞ்சுபோட்டா, ஐயா மனசு வெச்சா ஆஸ்பத்திரியில போலீஸுக்குப் போகமாட்டாங்கன்னு இவரு கால்ல உளுந்துச்சு." பழனியாத்தாள் கணவரைப் பார்த்துக் கை நீட்டினார். "இவரு சொல்றாரு, மன்னிச்சுட்டேன், எந்திரி போன்னு. நானும் மகராசன்னு நெனைச்சுக்கிட்டு, அந்தம்மாகிட்ட ஒரு பொட்டிக் காயைக் குடுத்து அனுப்பிச்சேன்."

அங்கப்பன் அழவில்லை. அழுதிருந்தால் பார்ப்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே இன்னும் யாரோ விழுந்து கிடப்பதுபோல்.

லோகப்பிரியாவுக்கு அவர் மேல் வரவேண்டிய கோபம் வரவில்லை. அவள் கண் முன்னால் வேறொரு அறை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். முதல் கேள்வியிலேயே சிரிஞ்சின் குளிர்ச்சி அவள் கையில் ஞாபகம் இருந்திருக்கும். மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் மங்கியிருக்கும். ஆறாவது கேள்வியில் அது இருந்ததா என்றே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். அந்தக் குளிர்ச்சியை அவள் கையிலிருந்து துடைத்து எடுத்தது அங்கப்பன் இல்லை.

"நாலு மணிக்குத்தானுங்க கூட்டம்?" என்றார் அங்கப்பன்.

"ஆமா."

"நான் சொன்னா மட்டும் போதுமுங்களா? ஆளைக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நெனைக்கமாட்டாங்க?"

"ரத்தம் எடுத்துப் பார்த்தாத் தெரிஞ்சிடும். அந்த நொதி பழையபடி வர வாரக்கணக்குல ஆகும். இன்னும் குறைஞ்சுதான் இருக்கும்னு ஷைமா சொல்றாங்க."

"எடுத்துக்கச் சொல்லுங்க."

அவர் எழுவதற்குள் பழனியாத்தாள் காரின் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார். "என்னை அந்தம்மா ஊட்டுல எறக்கி உட்ருங்க கண்ணு. இவரு ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். எனக்கு அங்க சோலி இருக்குது."

ரவிக்குமார் அடுக்கி வைத்த பெட்டிகளைப் பார்த்தார். "இன்னைக்கு லோடு?"

"ஒண்ணும் போகாது" என்றார் அங்கப்பன்.

* * *

திருச்சி ரோட்டில் ஏறியதும் லோகப்பிரியா கைப்பேசியை எடுத்தாள். இரண்டு தடவை எண்ணை அழுத்தி இரண்டு தடவை அணைத்தாள். மூன்றாவது தடவை மணி அடித்தது. ரவிக்குமார் யாரும் சொல்லாமலே வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார்.

"மேடம்?" கனிஷ்காவின் குரல். தூங்காத குரல். "போலீஸ் வருதுங்களா மேடம்?"

"வரலை. வராது. கனிஷ்கா, நீ ஏத்தினது ஸ்கோலின்தான். நீ மாத்தலை."

எதிர்முனையில் ஏதோ பாத்திரம் உருண்டது.

"கேக்குதா? அங்கப்பன் ஐயா பூச்சிமருந்து அடிச்சிருக்காரு. அதனாலதான் விலக நேரமாச்சு. அவரே குழுகிட்டச் சொல்ல வர்றாரு, வண்டியிலதான் இருக்காரு. நீ அன்னைக்கே டாக்டர்கிட்டச் சரியாத்தான் சொல்லியிருக்க."

"நான் சொன்னேங்களா மேடம்?" என்றாள் கனிஷ்கா. "எனக்கு ஞாபகமில்லைங்க. ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க, நான் அலமாரியிலிருந்து எடுத்த மாதிரியேதான் வருது."

லோகப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தப்பு என்னோடது" என்றாள். "நான்தான் உன்னை அப்படி யோசிக்க வெச்சேன். இன்னைக்கு நாலு மணிக்கு அங்க எல்லார் முன்னாடியும் இதைச் சொல்வேன். எழுதியும் கொடுப்பேன்."

"சரிங்க மேடம்." ஒரு விசும்பல் வந்து அடங்கியது. "மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? இதை எங்கம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா? நான் சொன்னா நம்பமாட்டாங்க."

"ஏன்?"

"நாந்தான் பண்ணினேன்னு அவங்க தலையில அடிச்சு நானே சத்தியம் பண்ணிட்டேனுங்க."

"அம்மாகிட்டக் குடு" என்றாள் லோகப்பிரியா. பின் இருக்கையில், பழனியாத்தாளுக்குப் பக்கத்தில், அங்கப்பன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது தெரிந்தது.

கைப்பேசி கை மாறும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். பிறகு நடுத்தர வயதுப் பெண்ணின் குரல், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமலேயே பணிந்து வந்தது.

"ஏனுங்க, யாருங்க பேசறது?"

"அம்மா," என்றாள் லோகப்பிரியா, "உங்க பொண்ணு மேல பொய்யா எழுதினவ பேசறேன்."